வெள்ளை அட்டையில் முப்பது அலகு

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், கீழே ஜவுளிக்கடையும் மேலே இரண்டு அறைகளுமாக அமைந்த கட்டடம் ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் சண்முகவேல் என்பவர். அவர் உடன்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, துணி மடிக்கும் வேலையில் தொடங்கிச் சொந்தக் கடை வைத்தவர். நான் சாந்தோமைச் சேர்ந்த பிரகாசம்; மின்கம்பிப் பணியாளன். ஒயர்மேன் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அக்கட்டடத்தின் சுவர்களில் ஓடும் ஒவ்வோர் அடிக் கம்பியும் என் கையால் இழுக்கப்பட்டதாகும். ஆகவே அங்கு நிகழ்ந்ததைக் கூறும் கடமையும் என்னையே சாரும்.

சண்முகவேலுக்கும் அவர் மனைவி பேச்சியம்மாளுக்கும் ஒரே மகள். ஜெயபாரதி என்பது அவள் பெயர். அக்குழந்தையின் உடல் வியர்க்காது. மனிதத் தோலில் வியர்வையைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் பல்லாயிரம் உண்டு. அவை அவளுக்குப் பிறவியிலேயே அமையவில்லை. தலைமுடி சோளக்கதிரின் நார்போல மெல்லியதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பற்கள் நான்கே, அவையும் கூரியவை. இவற்றால் அவளுக்குத் துன்பமில்லை. வெப்பமே துன்பம். நமக்குள் மிகும் சூடு வியர்வையாக வெளியேறுகிறது. அவளுக்குள் மிகும் சூடு உள்ளேயே தங்கிவிடும். பங்குனி பிறந்தால் அவள் முகம் செந்நிறமாகும், கண்கள் சொருகும், காய்ச்சல் நூற்றுமூன்று, நூற்றுநான்கு எனக் காயும். எழும்பூரில் இருந்த குழந்தை மருத்துவர், "இதற்கு மருந்து இல்லை. குளிர்ச்சியில் வைத்திருங்கள். அது ஒன்றே வழி" என்று கூறினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு, அவளுக்கு ஆறு வயது நிரம்பியபோது, கடலோரச் சாலையில் வெள்ளையர் கம்பெனி ஒன்று மூடப்பட்டு அதன் பொருள்கள் ஏலத்திற்கு வந்தன. சண்முகவேல் அங்குச் சென்று, சன்னலில் பொருத்தக்கூடிய குளிர்சாதனம் ஒன்றை எடுத்து வந்தார். பச்சை வண்ணம் பூசப்பட்டது. நான்கு பேர் சேர்ந்தாலன்றித் தூக்க இயலாதது. அதனைக் கடைவாயிலில் இறக்கிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

"என்னடே பிரகாசம், இத மேல ஏத்தி ஓட வைக்க எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஏத்துறது கஷ்டம் இல்ல அண்ணாச்சி. வூட்டு லைன்தான் தாங்காது. ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனுக்குப் போட்ட ஒயரு அது. இத்த மாட்டினா புகை வந்துடும். பவர் லைனுக்குத் தனியா எழுதிப் போடணும். ஆறு மாசம் ஆவும்."

"ஆறு மாசத்துல கோடையே முடிஞ்சி போயிருமேடே. பிள்ள அதுவரைக்கும் என்ன செய்வா?"

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு கடைக்குள் பார்த்தேன். "கடைல பவர் லைன் கீது. அங்கேந்து மேல இழுத்துட்டா இன்னிக்கு சாயந்தரமே ஓட்டலாம்" என்றேன்.

இவ்வாறு சொன்னவன் நானே என்பதை இங்குத் தெளிவாகக் குறிப்பிடுகிறேன்.

சண்முகவேலின் முகம் மலர்ந்தது. "அதுவும் நல்லதுதான். கடை பில்லோட பில்லாப் போயிரும். எங்க ஆளுவ வீட்டுச் செலவுன்னு தனியா எழுத மாட்டோம்டே. அரிசி, எண்ணெய், புள்ளைக்கு மருந்து, எல்லாம் கடைமேலதான் ஏறும். வீடு ஒண்ணுமே திங்காத மாதிரி இருக்கணும். எங்கய்யா அப்படித்தான் வச்சிருந்தாரு."

அன்று பகல் முழுதும் வேலை செய்தேன். கடையின் பின்சுவரில், வேட்டிகள் அடுக்கும் அலமாரிக்குப் பின்புறமாகத் தேக்குச் சட்டம் அடித்து, அதனுள் கம்பியைச் செலுத்தி, மேல்தளத்தைத் துளைத்து அறைக்குள் கொண்டுசென்றேன். அலமாரியை அகற்றினாலும் அது சுவரின் அலங்காரம் என்றே தோன்றும். அத்துணைச் செம்மையான வேலை. மாலை ஐந்தரை மணிக்குக் குளிர்சாதனம் உறுமிற்று. அதன் முகத்திலிருந்து முதலில் தூசியும், பிறகு பழைய காகித நெடியும், அதன்பின் குளிர்ந்த காற்றும் வந்தன. ஜெயபாரதி கன்னத்தை அதன் கம்பித்தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கரண்ட் மாமா, இதுக்குள்ள மழை கெடக்கு" என்றாள்.

அது முதல் மூன்று கோடைகள் இடரின்றிக் கழிந்தன. கத்திரி வெயிலிலும் அவள் அவ்வறையில் அமர்ந்து சோழி விளையாடினாள். பள்ளிக்கு அனுப்ப இயலாமையால் தந்தையே எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அவருடைய பாடநூல், வீட்டு மின்மானிக்கு அருகில் ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டையே. மின்வாரியத்தின் அளவெடுப்பவர் மாதந்தோறும் வந்து அதில் எண்ணைக் குறித்துச் செல்வார். இத்திங்களின் எண்ணிலிருந்து சென்ற திங்களின் எண்ணைக் கழித்தால் வருவது செலவான அலகு. யூனிட் என்று மக்கள் கூறுவது இதனையே. ஜெயபாரதி சிலேட்டில் கழித்துப் பார்ப்பாள். விடை இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்றே வரும். குளிர்சாதனம் உண்ட மின்னோட்டமெல்லாம் கடையின் அட்டையில் ஏறியதல்லவா?

பேச்சியம்மாளுக்கு அந்த வெள்ளை அட்டை ஒரு நற்சான்றிதழ். வருவோரிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டுவாள். விளக்கை எரியவிட்டு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அவள் சென்றதை நான் பார்த்ததில்லை. "எதுத்த வீட்டுல மாசம் தொள்ளாயிரம் ஓடுதாம். எங்க வீட்டப் பாருங்க, முப்பது. எம்பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன், ஆளில்லாத எடத்துல லைட்டு எரிஞ்சா லச்சுமி போயிருவான்னு."

"ஒங்க வூட்டு மீட்டரு தூங்கிக்கினே கீது அண்ணி" என்று அளவெடுப்பவர் சிரிப்பார். அவளும் பெருமையோடு சிரிப்பாள். எதிர்வீடு என்பது நகைக்கடை உரிமையாளர் சுயம்புலிங்கத்தின் மாளிகை. அங்கு மூன்று குளிர்சாதனங்கள் ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும்.

எழுபத்துநான்காம் ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையும் அவ்வாறே. அணைகளில் நீர் வற்றியதால் நீர்மின் நிலையங்கள் நின்றன என்று செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த பங்குனியில் கட்டுப்பாடு வந்தது. கடைகளில் குளிர்சாதனம் இயக்குதல் அறவே கூடாது; மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். வீடுகளோ, சென்ற ஆண்டின் சராசரி அளவில் முக்கால் பங்கை மட்டுமே பயன்படுத்தலாம். மிகுந்தால் அங்கும் அதே தண்டனை. தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி இதைச் சொல்லிக்கொண்டு போயிற்று.

கடைகளின் பவர் இணைப்புகளுக்கு ஈய முத்திரை வைக்க மின்வாரிய உதவிப் பொறியாளர் ஒருவர் வந்தார். ஸ்ரீரங்கன் என்பது அவர் பெயர், மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, எவரிடமும் குரல் உயர்த்தாதவர். சண்முகவேலின் கடையில் அவர் அலமாரிக்கு முன்னால்தான் நின்றார். பின்னாலிருந்த தேக்குச் சட்டத்தை அவர் கண் கண்டது. கம்பி என்று கருதவில்லை. "சுவர் வேலை அழகாப் பண்ணியிருக்கேளே" என்றார். பிறகு பவர் சுவிட்சின் மேல் முத்திரையை வைத்து நசுக்கிவிட்டுச் சென்றார். நான் அங்கு நின்றிருந்தேன். அந்தப் பாராட்டு எனக்கு மகிழ்ச்சி அளித்தது என்பதையும் மறைக்கவில்லை. மோசமாக வேலை செய்திருந்தால் அன்றே அகப்பட்டிருப்போம். அகப்பட்டிருந்தால், அக்கம்பி மூன்றாண்டுகளாக அங்கு உண்டு என்பதற்கு ஒரு சாட்சியாவது இருந்திருக்கும்.

அனுமதிக்குக் காத்திராமல், வீட்டு மின்மானியிலிருந்து குளிர்சாதனத்திற்குத் தடித்த கம்பி ஒன்றை அன்றே இழுத்தேன். கம்பி ஆயத்தமாயிற்று. அலகுதான் இல்லை.

அன்று மாலை நால்வரும் அமர்ந்து கணக்கிட்டோம். சென்ற ஆண்டின் சராசரி முப்பது. அதில் முக்கால் பங்கு இருபத்திரண்டரை. அலுவலகம் அரையைத் தள்ளிவிட்டு இருபத்திரண்டு என அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. மின்விசிறியை நிறுத்தி, ஒரே ஒரு விளக்கிற்கு நான்கு அலகு ஒதுக்கினால் மிஞ்சுவது பதினெட்டு. அப்பழைய குளிர்சாதனம் ஒரு மணி நேரத்தில் இரண்டு அலகு உண்ணும். ஆக ஒரு திங்களுக்கு ஒன்பது மணி நேரம்.

ஜெயபாரதி சிலேட்டில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "ஒரு நாளைக்குப் பதினெட்டு நிமிஷம்ப்பா" என்றாள்.

"பதினெட்டு நிமிசத்துல என்ன குளுந்துரும்?" என்றாள் பேச்சியம்மாள்.

"வாய மூடு. பிள்ள முன்னால பேசாத" என்றார் சண்முகவேல்.

"எதுத்த வீட்டுல எவ்ளோப்பா எழுதியிருப்பாங்க?"

அவளே கழித்தும் வகுத்தும் கண்டுகொண்டாள். "அறுநூத்து எழுவத்தஞ்சு" என்றாள். சென்ற ஆண்டு வீணாக்கியவர்களுக்கு இவ்வாண்டு மிகுதியும், சிக்கனமாக இருந்தவர்களுக்குப் பற்றாக்குறையும் கிடைத்ததைக் கண்டு அவள் வியக்கவில்லை. குழந்தைகளுக்கு எண் எண்ணாகவே தோன்றும் போலும்.

சித்திரை பிறந்தது. சண்முகவேல் கடையிலிருந்து புது மல்துணியைக் கட்டோடு எடுத்து வந்தார். அதை நீரில் நனைத்து மகளின் உடல் முழுதும் சுற்றினார்கள். ஆனால் அவ்வாண்டு நீரும் லாரியில்தான் வந்தது. ஒரு வீட்டிற்கு நான்கு குடம். சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தையிலிருந்து உமி பொதிந்த பனிக்கட்டிப் பாளங்களை நான் மிதிவண்டியில் கட்டி வருவேன். தியாகராய நகர் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். மிஞ்சியதை அலுமினியத் தொட்டியில் இட்டு அவள் கால்களை அதில் வைப்போம். அறை முழுதும் மீன் வாடை வீசும்.

"கரண்ட் மாமா, என் காலுக்கு வஞ்சிர மீனுன்னு பேரு வச்சிட்டேன்" என்று அவள் சிரித்தாள். முன்னிரண்டு பற்கள் மட்டும் தெரிந்தன.

கொடைக்கானலில் என் சிறிய தந்தையின் மகன் பிலிப் தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்தான். அங்கே ஓர் அறை பார்த்துத் தருவதாக எழுதினான். நான் கடிதத்தைக் காட்டினேன். சண்முகவேல் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். சித்திரையும் வைகாசியும் கலியாண மாதங்கள். ஆண்டு வருமானத்தில் பாதி அவ்விரு மாதங்களில்தான். மனைவியை மட்டும் அனுப்பலாம் என்றால், அவளுக்கு உடன்குடியும் இந்தச் சந்தும் அன்றி வேறிடம் தெரியாது. "இன்னும் ஒரு வாரம் பாப்போம்டே" என்றார்.

பேச்சியம்மாள் ஒரு நாள் துணிந்து எதிர்வீட்டுக்கு மகளை அழைத்துச் சென்றாள். சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பம் அவர்களை உள்ளே அழைத்து, குளிர்ந்த கூடத்தில் பாய் விரித்து, எலுமிச்சைச் சாறும் கொடுத்தாள். இரண்டு பிற்பகல்கள் அவ்வாறு சென்றன. மூன்றாம் நாள் வாயிற்கதவு பாதியே திறந்தது.

"தப்பா நெனைக்காதீய, மதினி" என்று தங்கபுஷ்பம் தாழ்ந்த குரலில் கூறினாளாம். "மருமவ முழுகாம இருக்கா. பிள்ளையோட பல்லயும் தலையயும் பாத்துட்டு ராத்திரி பூரா அழுதுட்டா. இந்த மாதிரி நேரத்துல கண்ணுல படுறது வயித்துல இருக்கிற உருவத்துக்கு ஆவாதுன்னு அவ ஆத்தாவும் வந்து சொல்லிட்டுப் போறா."

ஜெயபாரதி அருகில்தான் நின்றாள். வீடு திரும்பியதும் கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து பார்த்தாள் என்று பேச்சியம்மாள் என்னிடம் கூறினாள்.

அதன்பின்னரே சண்முகவேல் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார். மருத்துவரின் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நானும் உடன் சென்றேன். ஸ்ரீரங்கன் தம் மேசையில் கோப்புகளுக்கு நடுவே, கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய அலுவலகத்திலும் மின்விசிறிகள் ஓடவில்லை.

சண்முகவேல் எல்லாவற்றையும் சொன்னார். வியர்க்காத உடலைப் பற்றிச் சொன்னார்; மூன்றாண்டுகளாகக் கடையிலிருந்து மேலே மின்னோட்டம் சென்றதைச் சொன்னார்; வீட்டு அட்டையிலுள்ள முப்பது உண்மையான முப்பது அன்று என்பதைச் சொன்னார். ஸ்ரீரங்கன் விசிறியைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாழி நீங்க பேசினது ஒண்ணும் என் காதுல விழலைன்னு வச்சுக்கறேன்" என்றார். "விழுந்துடுத்துன்னா நான் எழுதியாகணும். எழுதினா கடை இணைப்பு, ஆத்து இணைப்பு ரெண்டையும் முறைகேடுன்னு துண்டிக்கணும். இப்போ இருக்கிற அந்த ஒரு விளக்கும் போயிடும்."

"ஐயா, பிள்ள செத்துப் போவும்யா."

"புரியறது. மருத்துவக் காரணத்துக்கு விலக்கு கேக்கலாம். சான்றிதழை வச்சு மனு எழுதுங்கோ, நானே மேலே அனுப்பறேன். ஆனா அவா ஒண்ணு கேப்பா. புதுசா குளிர்சாதனம் வைக்க இப்போ யாருக்கும் அனுமதி இல்லை. ஏற்கெனவே ஓடிண்டிருந்ததுன்னு காட்டணும்."

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துது."

"உங்காத்து அட்டை முப்பதுன்னு சொல்றதே. முப்பது யூனிட்ல குளிர்சாதனம் ஓடியிருக்க முடியாதுன்னு சின்னக் குழந்தை கூடச் சொல்லிடும்." விசிறியை மீண்டும் கையில் எடுத்தார். பின், "இத்தனை சிக்கனம் நீங்க காட்டியிருக்க வேண்டாம்" என்றார். அதை ஏளனமாகச் சொல்லவில்லை. தமக்கே சொல்லிக்கொண்டார்.

மனுவை நானே எழுதினேன். 'மாண்புமிகு ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு' எனத் தொடங்கி, இரண்டு பக்கம், ஓர் அடித்தலும் இன்றி எழுதினேன். ஸ்ரீரங்கன் படித்துவிட்டு, "நன்னா எழுதியிருக்கே" என்று மேலிடத்துக்கு அனுப்பினார். பதினோரு நாள் கழித்து மறுமொழி வந்தது. குளிர்சாதனம் வீட்டு இணைப்பில் முன்னரே பயன்பாட்டில் இருந்தமைக்கு ஆதாரமாகச் சென்ற பன்னிரு மாத அட்டையை இணைத்து அனுப்புமாறு அதில் கண்டிருந்தது.

வைகாசி ஐந்தாம் நாள். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. நான் கடையில் பழுதான சுவிட்சு ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். சண்முகவேல் கலியாணக் கூட்டத்திற்குப் பட்டுப்புடைவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி வந்த ஒலி கேட்டது. பேச்சியம்மாள் குடங்களோடு இறங்கி வந்தாள்.

"புள்ளைக்கு மிஷினப் போட்டுட்டு வந்திருக்கேன். முகம் ரொம்பச் செவந்து போச்சு. இன்னிக்கு பதினெட்டு பாக்க வேண்டாம், முக்கா மணி நேரம் ஓடட்டும். நான் வார வரைக்கும் கெடக்கட்டும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வரிசைக்குப் போனாள். அவர் தலையசைத்தார்.

மேல்தளத்தின் வழியே குளிர்சாதனத்தின் உறுமல் எனக்குக் கேட்டது. நான்கு நிமிடம் இருக்கலாம்; ஐந்துக்கு மேல் இல்லை. பிறகு அது நின்றது.

குளிர்சாதனத்தில், அறை போதிய அளவு குளிர்ந்தவுடன் தானாக நின்று, மீண்டும் சூடேறினால் தானாக ஓடத் தொடங்கும் அமைப்பு ஒன்று உண்டு. பழைய இயந்திரமாயினும் அவ்வமைப்பு இன்னும் சரியாக வேலை செய்கிறதே என்று நான் எண்ணினேன். எண்ணி, திருப்புளியைத் தொடர்ந்து திருகினேன். வைகாசி வெயிலில், மேலே வெறும் தளம் காயும் அறை ஐந்து நிமிடத்தில் குளிராது என்பது என் தொழிலில் பழகிய எவனும் அறிந்த செய்தி. நான் பதினேழு ஆண்டுகள் அத்தொழில் செய்தவன். மீண்டும் அது ஓடத் தொடங்குகிறதா என்று கூட நான் செவிகொடுக்கவில்லை. கடையில் யாரோ, மாம்பழ நிறத்தில் ஒரு புடைவை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாரிக்கு அன்று கூட்டம் மிகுதி. பேச்சியம்மாள் திரும்ப ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. குடத்தை இடுப்பில் வைத்தபடியே மாடியேறினாள். பிறகு குடம் படிகளில் உருண்டு வந்தது.

ஜெயபாரதி குளிர்சாதனத்தின் முன்னே இல்லை. மின்மானிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி அமர்ந்திருந்தாள். சுற்றியிருந்த மல்துணி முற்றிலும் உலர்ந்து மொடமொடத்திருந்தது. சுவிட்சு மேல்நோக்கி, அணைந்த நிலையில் இருந்தது. அதற்கு எட்ட அவள் முக்காலி இட்டிருந்தாள். மடியில் சிலேட்டு. அதில் அன்றைய எண்ணும், இருபத்திரண்டிலிருந்து கழித்த எண்ணும், அதற்குக் கீழே இத்திங்களில் இன்னும் எத்தனை நாள் என்பதும் எழுதப்பட்டிருந்தன. வகுத்தல் பாதியில் நின்றிருந்தது. அவளைத் தொட்ட என் கை, இஸ்திரிப்பெட்டியைத் தொட்டதுபோல் பின்வாங்கிற்று.

வாடகைக் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். சண்முகவேல் மகளை மடியில் கிடத்தி, கடையிலிருந்து கையோடு வந்துவிட்ட பட்டுப்புடைவையால் விசிறிக்கொண்டே இருந்தார். "எதுக்கு அமத்துன? ஏட்டி, எதுக்கு அமத்துன?" என்று பேச்சியம்மாள் வழிநெடுகக் கேட்டாள். அவள் கேட்டது குழந்தையைத்தான். ஆயினும் காரில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதற்கு விடை தெரிந்திருந்தது.

பனிக்கட்டியில் கிடத்தினார்கள். பன்னிரண்டு நாள் கண் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் திறந்தாள். உயிர் பிழைத்தது நல்லூழ் என்றும், மூளை நெடுநேரம் வெந்திருந்தமையால் இனி எவ்வளவு திரும்பும் எனக் கூற இயலாது என்றும் மருத்துவர் தெரிவித்தார். சோறு ஊட்டினால் விழுங்கினாள். கையைப் பிடித்தால் நடந்தாள். கேட்டதற்கு விடை வரவில்லை. சோழிகளைக் கையில் கொடுத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் விட்டுவிடுவாள்.

அவர்கள் மருத்துவமனையில் இருந்தபோதே அளவெடுப்பவர் வந்தார். மின்மானியைப் பார்க்க நானே மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் எண்ணைக் குறித்துவிட்டு, "பதினாறுதான் ஆயிருக்கு. ஆறு யூனிட்டு மிச்சம் கீதுப்பா" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் அட்டையை வாங்கி ஆணியில் மாட்டினேன். பேச்சியம்மாள் வந்த பிறகு அதை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகையில் ஏரிகள் நிரம்பின. கட்டுப்பாடு விலக்கப்பட்டது. சில நாள்களில், எங்கள் மனுவுக்கு இறுதி மறுமொழியும் தபாலில் வந்தது: 'கட்டுப்பாடு விலக்கப்பட்டமையால் தங்கள் மனுவின்மீது நடவடிக்கை தேவையில்லை.' ஸ்ரீரங்கன் தாமே முயன்று வீட்டிற்கு முறையான பவர் இணைப்பும் பெற்றுத் தந்தார். அதைப் பொருத்திய நாளில் அவர் மாடிக்கு வந்து குழந்தையைப் பார்த்தார். தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறங்கிச் சென்றார்.

மார்கழியில் ஒரு காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் ஃபியூசு போய்விட்டது என்று ஆள் வந்தது. சென்று பார்த்தேன். குளிர்சாதனம் ஓடியிருந்த அறை. சன்னல் கண்ணாடியில் உட்புறம் நீர் படிந்து கோடுகோடாக வழிந்தது. ஜெயபாரதி இரண்டு கம்பளிகளுக்குள், தலையில் மஃப்ளர் கட்டி, கட்டிலில் அமர்ந்திருந்தாள். அவள் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"கம்பி சன்னமாப் போச்சுடே. தடியாப் போடு. பகலும் ராத்திரியும் ஓடுதுல்லா" என்றார் சண்முகவேல். அவர் தோளில் சால்வை.

"அண்ணாச்சி, இன்னா இது. மழை பேஞ்சிக்கினு கீது. கொழந்த நடுங்குது. இத்த நிறுத்திடலாமே."

"நிறுத்தப்படாது. இந்த வருசக் கணக்கத்தான அடுத்த வருசம் எடுப்பான்? முப்பதுன்னு எழுதினதாலதான இம்புட்டும். இப்பவே ஏத்தி வச்சிரணும். நாளைக்கி ஒருத்தன் வந்து கேட்டா, இந்தா பாரு ஓடியிருக்குன்னு காட்டணும்."

"அந்த ஆர்டரே இல்ல அண்ணாச்சி இப்போ. எடுத்துட்டான்."

"திரும்ப வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எவனால் எழுதிக் கொடுக்க இயலும்? தடித்த கம்பியைச் சுற்றி ஃபியூசை மாட்டினேன். இயந்திரம் உறுமிற்று. மின்மானியின் தட்டு, தன் சிவப்புக் கோட்டோடு, நிமிடத்திற்கு இருபது முறை சுற்றத் தொடங்கியது. முன்பெல்லாம் அதை எண்ணுபவள் ஜெயபாரதி. இப்போதும் அவள் முகம் அப்பக்கம்தான் இருந்தது.

நான் கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருக்கையில் அளவெடுப்பவர் நனைந்த குடையோடு ஏறி வந்தார். எண்ணைப் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் பார்த்தார், புது இணைப்பின் அட்டையில் எழுதினார். அம்மாதச் செலவு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அலகு. சண்முகவேல் அட்டையை வாங்கி, அதைக் கையிலேந்திச் சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை படித்தார். பிறகு, வருவோர் கண்ணில் படும்படி அதே ஆணியில் மாட்டினார்.

பேச்சியம்மாள் கட்டிலில் அமர்ந்து, மகளின் இரு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துச் சூடேறும்படி தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.